சகலன் போனுக்குச் சுழி பார்த்த கதை

என் சகலன் இறந்து இரண்டு வருடமாகிறது. இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்பார்கள். நானும் இருந்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றுதான் தேறியது: மனிதர் சுத்தமானவர், தினமும் இரண்டு தரம் குளிப்பார். மற்றதெல்லாம் நான் இனிச் சொல்லப்போவதுதான்.

அவர் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். இரண்டு வீடும் கல்லடியில் ஒரே வளவுக்குள், ஒரே கிணற்றுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமுமாக நிற்கின்றன. எங்கள் பகுதியில் கலியாணம் முடித்தால் பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை. ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான். வீடும் வளவும் பெண்ணுக்கு. நான் மாங்கேணியிலிருந்து வந்தேன். அவர் வவுணதீவிலிருந்து எனக்கு ஆறு வருடம் முந்தியே வந்து பெரிய வீட்டில் குந்திவிட்டார். அந்த ஆறு வருடத்துக்காக அவரை அண்ணன் என்று கூப்பிட வேண்டியிருந்தது. வாயால் அப்படித்தான் கூப்பிட்டேன். மனதுக்குள் கூப்பிட்டதை இங்கே எழுத முடியாது.

மாட்டுக்குச் சுழி பார்க்கத் தெரிந்தவர் என்று அவருக்கு ஒரு பேர் இருந்தது. வவுணதீவுப் பக்கம் மாடு வாங்கப் போகிறவர்கள் இவரையும் கூட்டிக்கொண்டு போவார்கள். இவர் மாட்டின் நெற்றியிலிருந்து வால் வரைக்கும் உள்ளங்கையால் தடவிக்கொண்டு போவார். மயிர் சுழித்து நிற்கிற இடம் வந்தால் கை நின்றுவிடும். முகத்தைச் சுளிப்பார். இந்த இடத்தில் சுழி இருந்தால் வாங்கியவன் வீட்டில் சாவு விழும், அந்த இடத்தில் இருந்தால் வைக்கோல் போர் எரியும் என்று மெல்லிய குரலில் சொல்லுவார். கேட்டவன் எடுத்த காசை மடிக்குள் திருப்பிச் செருகுவான். நான் அறிய, ஒரு மாட்டையாவது வாங்கலாம் என்று அவர் சொன்னது கிடையாது. அதில்தான் அவருடைய கெட்டித்தனம் எல்லாம் இருந்தது. வாங்காத மாடு வாங்காதவனின் பட்டியில் சாகாது. ஆகவே அவர் சொன்னது ஒருநாளும் பொய்த்ததில்லை.

காலையில் கல்லடிப் பாலத்தடிக்கு மீன் வாங்கப் போவார். தோணிக்காரர்கள் வாவியில் பிடித்ததைக் கரையில் கொட்டியதும் எல்லோரும் கைக்கு எட்டியதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவர் ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், வயிற்றை அமுக்குவார், வெயிலுக்கு நேரே பிடித்துக் கண்ணைப் பார்ப்பார். ஒருநாள் தோணிக்காரன் பொறுமையிழந்து, "ஐயா, வாங்கிறண்டா வாங்குங்க. மீனுக்கு வைத்தியம் பாக்காதீங்க" என்றான். இவர் கையைக் கழுவிக்கொண்டு, "நாளைக்கு நல்லது வரும். மறுகா பாப்பம்" என்றார்.

மறுகா என்றால் எங்கள் பக்கத்தில் பிறகு என்று அர்த்தம். அவர் வாழ்நாளில் அதிகம் பாவித்த சொல் அதுதான். வெறும் பையை வீசிக்கொண்டு, யாரோ தன்னை ஏமாற்றப் பார்த்துத் தோற்றுப்போனது போன்ற முகத்தோடு வளவுக்குள் வருவார். மச்சாள், அதுதான் அவர் மனைவி, கருவாட்டுப் பானையைத் திறப்பாள். அந்த வீட்டில் வருடம் முழுக்கக் கருவாட்டு வாசம் வீசியதற்குக் காரணம் வறுமையில்லை.

அவருக்குப் பிடித்தமான கதை ஒன்று இருந்தது. யார் வீட்டுக் கலியாணப் பந்தலிலும் நாலு பேர் சேர்ந்தால் அதை எடுத்துவிடுவார்.

"நான் கலியாணம் முடிச்சு வந்த அண்டு விடியக்காலம, மாமா தன்ட கட்டிலத் தானே தூக்கிட்டுப் பின்வளவுக் கொட்டிலுக்குப் போனார். நான் பாத்துக்கிட்டு நிண்டன். ஒரு கால் பிடிக்கவா மாமா எண்டு கேக்கல்ல. மாப்பிள கேக்கப்படா!"

சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிச் சிரிப்பார். வீடு மகளுக்குப் போனால் பெற்றவர்கள் அதே வளவில் பின்னால் ஒதுங்குவது எங்கள் வழக்கம்தான். எங்கள் மாமாவும் மாமியும் அந்தக் கொட்டிலில்தான் இருந்தார்கள், அங்கிருந்தே போய்ச் சேர்ந்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கியதில்லை. முதல் இரண்டு தரமும் மரியாதைக்குச் சிரித்து வைத்தேன். பிறகு அந்தக் கதை தொடங்கும்போதே தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவேன்.

அவருக்கு ஒரே பிள்ளை, சுகந்தி. வவுணதீவில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை பார்த்தாள். அமைதியான பெண், ஆனால் ஊமையல்ல. தகப்பனின் குணத்தில் ஒன்றும் அவளிடம் ஒட்டவில்லை. அதற்கு மச்சாளுக்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.

அவளுக்கு இருபத்தேழு வயதானபோது முதல் மாப்பிள்ளை வந்தான். ஆஸ்பத்திரியில் வேலை. வந்து இருந்தான், பலகாரம் சாப்பிட்டான், போனான். அவன் வேலிக் கடப்பைத் தாண்டும் வரைக்கும் சகலன் அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இடது கால முன்னுக்கு வெச்சு வந்திரிக்கான். வீட்டுக்கு ஆகா" என்றார். இரண்டாவது வந்தவனின் தாய்வழிக் குடியை விசாரிக்க ஆறு மாதம் எடுத்தார். ஒரே குடி என்றால் அண்ணன் தங்கை முறையாகிவிடும், அது சரி. ஆனால் வேறு குடிதான் என்று கோயிலில் கேட்டு, ஊரில் கேட்டு, உறுதியாகத் தெரிந்த பிறகும் இவர் விடவில்லை. அவனுடைய அம்மம்மாவின் அம்மாவின் குடி எது என்று கேட்டார். அதைச் சொல்ல உயிரோடு ஒருவரும் இருக்கவில்லை. மூன்றாவது மாப்பிள்ளைக்குக் குறையே அகப்படவில்லை. "குறை இல்லாதது ஒரு குறைதான் தம்பி. எங்கயோ ஒளிச்சு வெச்சிரிக்கான்" என்று என்னிடமே சொன்னார். இதைச் சொல்ல அவருக்கு வாய் கூசவில்லை.

சுகந்திக்கு முப்பத்தொன்று ஆயிற்று. கலியாணத் தரகருக்கு முழங்கால் தேய்ந்துபோயிற்று. ஒருநாள் அவர் ஆட்டோவில் வந்து, இறங்காமலே கடப்படியில் நிறுத்திச் சொன்னார்:

"இனி எனக்கு நடக்கேலா. இப்ப எல்லாம் போன்லதான் நடக்கிது. நீங்க ஒரு டச் போன் எடுங்க. நான் படம், சாதகம் எல்லாத்தையும் அதுக்கு அனுப்புறன். நீங்களும் புள்ளையிட படத்த அனுப்புங்க. பிடிச்சா மட்டும் நேரில போனா போதும்."

மச்சாளின் முகம் மலர்ந்தது. சுகந்தி அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். சகலன் தலையை ஆட்டி, "நல்ல யோசின. நல்லதொண்டாப் பாத்து எடுப்பம்" என்றார்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். அந்த வீட்டில் அதுவரை இருந்தது இரண்டு பொத்தான் போன்கள். ஊரில் மீன் விற்கிறவன் கையிலும் டச் போன் இருந்த காலம் அது. சுகந்தியின் கந்தோரில் கூட்டம், பயிற்சி, விடுமுறை எல்லாம் போன் குழுவில்தான் அறிவிப்பார்கள். இவள் ஒருத்திக்கு மட்டும் அடுத்த மேசைக்காரி வாயால் சொல்லவேண்டும். ஒருதரம் அவள் சொல்ல மறந்துபோனாள். இவள் மாற்றிவைத்த கூட்டத்துக்கு வலையிறவுப் பாலம் கடந்து போய், பூட்டிய மண்டபத்துக்கு வெளியே ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்தாள்.

சம்பளம் எடுக்கிற பெண் தானே ஒன்றை வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"அப்பா பாத்துச் சொல்லாம ஒரு சாமானும் எங்கட வீட்டுக்குள்ள வந்ததில்ல சித்தப்பா. நான் வாங்கிட்டு வந்தா அவர் மூண்டு நாளைக்குச் சாப்பிடமாட்டார். அம்மாதான் கிடந்து அழுவா" என்றாள்.

பட்டினி கிடந்து பெண்களை வெல்லுகிற மனிதரைவிடக் கேவலமானவரை நான் பார்த்ததில்லை. ஆனால் பார்த்துப் பார்த்து எடுப்பதில் அவர் காட்டிய உழைப்பைச் சொல்லவேண்டும். டவுனில் புதுப் போன் வருகிறது என்று எந்தக் கடையில் படம் தொங்கினாலும் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சேர்ட்டோடு அங்கே நிற்பார். கடைக்காரர் கொடுக்கிற விளம்பரத் தாள்களைக் கொண்டுவந்து மெத்தைக்கடியில் அடுக்குவார். போனுக்கு முந்தி ஒரு கமராதான் இருந்தது. அவர் அதைக் கண் என்றுதான் சொல்லுவார். ஒரு கண் போனை வாங்கலாம் என்று மச்சாள் கெஞ்சியபோது, ரெண்டு கண்ணோடு வருகிறதாம் என்றார். ரெண்டு கண் வந்தது. மூன்று கண்ணோடு வருகிறதாம், மறுகா பாப்பம் என்றார். கடைக்காரர்கள் முதலில் உட்காரக் கதிரை போட்டார்கள். பிறகு கதிரையை உள்ளே எடுத்தார்கள்.

தரகர் இரண்டு மூன்று தரம் மச்சாளின் பொத்தான் போனுக்கு எடுத்து, போன் வாங்கியாச்சா என்று விசாரித்தார். பிறகு விசாரிப்பதையும் விட்டுவிட்டார்.

சுகந்திக்கு முப்பத்துமூன்று நடக்கும்போது நானே ஒரு சம்பந்தத்தைக் கொண்டுவந்தேன். மாங்கேணியில் என் ஒன்றுவிட்ட தமக்கையின் மகன். மீன்பிடிக் கந்தோரில் வேலை, குடிவெறி இல்லை, கல்லடிக்கு வந்து இருக்கவும் சம்மதம். குடியும் வேறு. நானே சின்ன வயதிலிருந்து பார்த்த பிள்ளை. தாய்க்குப் பெண்ணின் படம் ஒன்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான். என்னிடம் அப்போதே டச் போன் இருந்தது. நான் படம் எடுத்து அனுப்புகிறேன் என்று கிணற்றடியைத் தாண்டிப் போய்ச் சொன்னேன்.

சகலன் எழும்பி நின்றுவிட்டார்.

"பொம்புளப் புள்ளையிட படம் மத்த ஆக்கள்ற போனுக்குள்ள கிடக்கப்படா தம்பி."

"மத்த ஆளா? அண்ணன், நான் அவளுக்குச் சித்தப்பா."

"நான் இல்லெண்டு சொல்லல்லயே. வாற மாசம் புதுசொண்டு இறங்குது. அத எடுத்து, வடிவா ஒரு படம் எடுத்து, எங்கட போன்ல இருந்தே அனுப்புவம். ஒரு மாசத்தில என்ன குடியா முழுகப்போகுது?"

அந்த மாதம் போன் வந்தது. இவர் போய்ப் பார்த்தார். கையில் வைத்திருக்க முதுகு சுடுகிறதாம். அடுத்த மாதம் வேறொன்று வந்தது. இடுப்பு மெல்லிசாம், வளைந்துவிடுமாம். அதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. தமக்கை எனக்குப் போன் எடுத்தாள். "தம்பி, ஒரு படம் அனுப்பக் கூச்சப்படுற ஆக்களோட என்னெண்டு சம்பந்தம் செய்யிற? நாங்க ஏறாவூர்ப் பக்கம் ஒரு புள்ளையப் பாத்து முடிச்சிட்டம்" என்றாள்.

இந்தச் செய்தியைச் சொல்லப் போனபோது சுகந்தி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். "சரி சித்தப்பா" என்றாள். தோய்த்த சேலையையே மறுபடி சவர்க்காரம் போட்டுத் தோய்க்கத் தொடங்கினாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினேன். "உங்க அத்தானுக்கு என்ன பைத்தியமா? ஒரு போன் வாங்கிறதுக்கு இவ்வளவு பயப்படுற ஆம்புளைய நான் உலகத்தில காணல்ல!"

அவள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அவர் போனுக்கா பயந்த? கொட்டிலுக்கெல்லோ பயந்தவர்."

எனக்கு விளங்கவில்லை.

"புள்ளைக்குக் கலியாணம் முடிஞ்சா வீடு அவளுக்கு. இவர் கட்டிலத் தூக்கவேணும். மாமனார் கட்டில் தூக்கின கதைய முப்பத்தஞ்சு வருசமாச் சொல்றாரே, அதப் பெருமையில சொல்றாரெண்டா நினைச்சீங்க?" என்றாள்.

நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். தபால் கந்தோரில் முப்பது வருடம் ஊரார் கடிதங்களைப் பிரித்தடுக்கிய எனக்கு, பக்கத்து வீட்டு மனிதனை வாசிக்கத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் கவனித்தேன். பின்வளவில் தேங்காய் விழுந்தால் சகலன் எடுக்கப் போகமாட்டார். போகவே வேண்டியிருந்தால் கொட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலியோரமாக நடப்பார். உள்ளே இருந்ததெல்லாம் உடைந்த கதிரை இரண்டும் தேங்காய் மட்டையும்தான்.

அதுவரை அவரை மடையர் என்று நினைத்திருந்தேன். மடையரை மன்னித்துவிடலாம். தான் படுத்திருக்கிற மூலை பறிபோகக்கூடாது என்பதற்காகப் பெற்ற மகளின் வயதைத் தின்றுகொண்டிருந்த மனிதரை என்ன செய்வது? நேரே கேட்டுவிடலாம் என்று இரண்டு தரம் கிணற்றடி வரைக்கும் போனேன். இரண்டு தரமும் தண்ணீர் அள்ளிக்கொண்டு திரும்பிவந்தேன். என்னையும் ஒரு பெரிய வீரன் என்று நான் சொல்லமாட்டேன்.

இரண்டு வருடம் கழித்து மூன்று கண் போன் வந்தது. டவுனில் பெரிய கடை, வாசலில் பலூன் கட்டி, பாட்டுப் போட்டிருந்தார்கள். சகலன் முதல் நாளே தயாராகிவிட்டார். இந்தத் தரம் சுகந்தியும் கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். எனக்கு என் போனுக்கு உறை ஒன்று வாங்கவேண்டியிருந்ததால் நானும் போனேன். உண்மையைச் சொன்னால், வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

கடையில் நின்ற பெண் போனைக் கொடுத்தாள். சகலன் அதை இடது உள்ளங்கையில் கிடத்தினார். வலது கையால் மேலிருந்து கீழே தடவினார். திருப்பிப் போட்டு முதுகைத் தடவினார். நகத்தால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். அப்புறம் மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார். பின்னால் நின்ற இளசுகள் சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டார்கள்.

"இதிட பின்பக்கத்தத் திறந்து காட்டு புள்ள."

"இது திறக்கேலா ஐயா. ஒட்டித்தான் வாறது."

"வாயத் திறந்து பல்லுக் காட்டாத சாமான என்னெண்டு நம்பி வாங்கிற?"

கடைக்காரப் பெண் சுகந்தியைப் பார்த்தாள். சுகந்தி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சகலன் மூன்று கமராவையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. அந்தச் சுளிப்பு முகத்துக்கு வந்தது. மாடு வாங்க வந்தவர்களின் காசை மடிக்கே திருப்பிய அதே முகம்.

"மூண்டும் ஒரு நேரில இல்ல. ஒண்டு விலகி நிக்கிது. இது சரியில்ல, பாத்தியா தம்பி?" என்று என்னிடம் திரும்பினார். "நாலு கண்ணோட ஒண்டு வருதாம். மறுகா பாப்பம்."

போனைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினார். சுகந்தி குறுக்கே கையை வைத்து அதை வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு முப்பத்தஞ்சு வயசு அப்பா" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பாட்டுக்கு மேலாக அது எல்லோருக்கும் கேட்டது. அவள் கடைக்காரப் பெண்ணிடம் போனைக் கொடுத்து, "இதையே தாங்க. பெட்டியெல்லாம் வேணா, இப்பவே சிம்மப் போட்டுத் தாங்க" என்றாள்.

சகலன் அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை. மூன்று நாள் கிடப்பார் என்று சுகந்தி சொன்னாளே, இரண்டாம் நாள் மத்தியானமே மச்சாள் தானே பாலத்தடிக்குப் போய் மணலை மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தாள். வாசம் கிணற்றைத் தாண்டி எங்கள் வீட்டுக்கே வந்தது. மனிதர் தட்டோடு குந்திவிட்டார். அவருடைய வைராக்கியம் அவ்வளவுதான்.

சுகந்தி கிணற்றடியில் நிற்க, என் மகள்தான் படம் எடுத்தாள். சுகந்தி தானே அதைத் தரகருக்கு அனுப்பினாள். யாரிடமும் கேட்கவில்லை. ஏழெட்டு மாதத்தில் அமைந்தது. ஆள் வாத்தியார், வயது நாற்பது, முன்தலை வழுக்கை, சிரித்த முகம். சகலன் அவரையும் மேலும் கீழும் பார்த்தார். "மயிரில்லாத தலையில என்ன சுழியப் பாக்கிற" என்று முணுமுணுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். கேட்பதற்கு அப்போது ஆள் இல்லை.

கலியாணத்தன்று காலையில் பந்தலில் வாழை கட்டிக்கொண்டிருந்தேன். பெரிய வீட்டின் பக்கவாசலில் ஏதோ இடிபடுகிற சத்தம். போய்ப் பார்த்தால், சகலன் குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, தன் கட்டிலைத் தனியாக வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறார். கட்டில் கால் கதவு நிலையில் சிக்கிக்கொண்டது. நான் ஒரு கால் பிடிக்கவா என்று கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றேன். எனக்கு உள்ளுக்குள் நல்ல சந்தோசம்.

சுகந்தி பாதி கட்டிய கூறைச்சேலையோடு ஓடிவந்தாள்.

"என்னப்பா செய்யிறீங்க? கட்டில எங்க கொண்டு போறீங்க?"

"கொட்டிலுக்குத்தான் மனே. வேற எங்க?"

"ஆரு உங்களப் போகச் சொன்ன?"

அவர் ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி நின்றார்.

"அம்மாவும் நீங்களும் உங்கட அறையிலதான் இருக்கப்போறீங்க. அவரிட்ட அத நான் முதல் நாளே சொல்லிட்டன். அவர் அதுக்கென்ன எண்டார். கொட்டில்ல ஆரப்பா இந்தக் காலத்தில போய்ப் படுக்கிற?" என்றாள். சொல்லிவிட்டு, நேரமாகிறது என்று கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

ஒரு கேள்வி. மகளுக்கு இருபத்தேழு வயதில் அந்த மனிதர் அவளிடம் ஒரேயொரு கேள்வி கேட்டிருந்தால், அவளும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. எட்டு வருடம் மாப்பிள்ளைகளின் காலையும் போன்களின் கண்ணையும் பார்த்துக்கொண்டு திரிந்தார். சுகந்திக்குப் பிள்ளை இல்லை. டாக்டர்மார் வயதைத்தான் சொன்னார்கள். அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அதற்காக அவரை நான் மன்னிக்கவில்லை, இப்போதும் மன்னிக்கவில்லை.

அவர் வெட்கப்பட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? கட்டிலைப் பழைய இடத்தில் போட்டுவிட்டு, மத்தியானம் பந்தலில் நாலு பேரைக் கூட்டி மாமா கட்டில் தூக்கிய கதையைச் சொல்லிச் சிரித்தார். அந்தப் போனும் கடைசியில் அவர் கையில்தான் கிடந்தது. சுகந்தி தனக்கு வேறொன்று எடுத்துக்கொண்டாள். இவர் எங்கெங்கோ நடக்கிற மாட்டுச் சந்தைகளின் வீடியோவைப் போட்டு, ஒவ்வொரு மாடாக நிறுத்திப் பெரிதாக்கிக் குறை சொல்லிக்கொண்டு படுத்திருப்பார். இறந்துகிடந்தபோதும் அது நெஞ்சின்மேல்தான் இருந்தது, ஒரு காளையின் முதுகைக் காட்டியபடி.

இங்கே முடித்திருக்கலாம். முடிக்கத்தான் நினைத்தேன்.

என் மகளுக்கு இப்போது இருபத்தேழு. போன மாதம் தரகர் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். செங்கலடிப் பையன், பாங்கில் வேலை, சாதகமும் பொருந்துகிறது. மனைவி தேத்தண்ணியோடு வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தாள். "நல்ல புள்ள போல இரிக்கு. மகளுக்கும் பிடிச்சிரிக்கு. என்ன சொல்லுறீங்க?" என்றாள்.

நான் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். நெற்றியைப் பார்த்தேன். காதைப் பார்த்தேன். மெல்ல மெல்லக் கீழே இழுத்துக்கொண்டு போய்க் கால்களைப் பார்த்தேன். ஒரு செருப்பின் குதி மற்றதைவிடத் தேய்ந்திருந்தது. விரல் அங்கே நின்றது.

"மறுகா பாப்பம்" என்றேன்.

அவள் தேத்தண்ணியைக் கதிரைப் பக்கத்தில் வைத்தாள். மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். போய்க் கொட்டிலின் கதவைத் திறந்து, உடைந்த கதிரைகளை வெளியே போட்டுவிட்டுக் கூட்டத் தொடங்கினாள்.